எண்ணெய் போடக் கூடாத திருகு

பாஃபோவின் சாவுச் சடங்குக்கு அச்சடிக்கிற புத்தகத்தில், அவன் வாழ்க்கையை ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி அவனுடைய அக்காள் மகள் வந்து நின்றாள். "துமாசி மாமா, அவருக்கு வாயே நீங்கதானே. நீங்களே எழுதிடுங்க" என்றாள்.

எழுதினேன். புதன்கிழமை பிறந்தவன், சுவாமே பட்டறை வட்டாரத்தில் இருபத்தெட்டு வருஷம் கடைசல் வேலை பார்த்தவன், யாரையும் கடிந்து பேசாதவன், மணம் செய்துகொள்ளவில்லை. இப்படிப் பதினாறு வரி. பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கடைசி வரியை எழுதும்போது கை நின்றுவிட்டது. அவன் மணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் நான். அதற்கெல்லாம் புத்தகத்தில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் தாராளமாக இருந்தது. எனக்குத்தான் துணிவில்லை.

குமாசியில் சுவாமே வட்டாரத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தகரக் கூரைக்குத் தகரக் கூரை ஒட்டிக்கொண்டிருக்கும். என் வெல்டிங் கொட்டகைக்கும் பாஃபோவின் லேத்துக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு சாக்குப் படுதாதான். என் தீப்பொறி அவன் சட்டையில் விழும், அவன் இரும்புச் சுருள் என் செருப்பில் குத்தும். நான் சட்டகம் பற்றவைப்பேன், அவன் அதற்கு உருளையும் அச்சும் திருகும் கடைந்து தருவான். கிழங்கு துருவுகிற மெஷின், பாமாயில் பிழிகிற மெஷின் என்று இரண்டு பேருமாகச் செய்தவை இன்றைக்கும் ஐம்பது ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அவனுக்குத் திக்கல் உண்டு. என்னிடம் பேசும்போது அவ்வளவாக இராது. முன்பின் தெரியாதவர் எதிரில் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வாடிக்கையாளர் வந்தால் அவன் என் பக்கம் திரும்பி மூன்று வார்த்தை முணுமுணுப்பான், நான் அதை முப்பது வார்த்தையாக்கிச் சொல்வேன். "வியாழக்கிழமை ஆகாது" என்பான். நான், "ஐயா, உங்க வேலையை அவசரமா முடிச்சுக் கெடுக்க மாஸ்டருக்கு மனசு வரலை, சனிக்கிழமை காலையில நீங்க வரும்போது மெஷின் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கும்" என்பேன். வந்தவர் சிரித்துக்கொண்டே போவார். எனக்கு என் வாய்மேல் அப்படி ஒரு கர்வம். ஊர்த் தலைவியான ராணித்தாயின் சபையில் சொல் எடுத்துச் சொல்கிறவனாகப் பிறந்திருக்க வேண்டியவன், தவறிப்போய் வெல்டிங்குக்கு வந்துவிட்டான் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன்.

அச்சியா வந்தது ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில். ஒஃபின்சோ சாலையில் இரண்டு மணி நேரம் போனால் வருகிற அசுபோன்சோ ஊர்க்காரி. அந்த ஊரில் பதினெட்டுப் பெண்கள் சேர்ந்து மரவள்ளிக்கிழங்கைத் துருவி, சாக்கில் கட்டிப் பிழிந்து, வறுத்துக் காரி மாவு செய்கிறார்கள். அவள் அவர்களுக்குத் தலைவி. புருஷன் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நேராகக் கொட்டகைக்குள் வந்து, பாஃபோவின் லேத்துமேலேயே பிழிகிற மெஷினின் வளைந்த கைப்பிடிக் கம்பியை 'டங்' என்று போட்டாள்.

"இந்த மெஷினைச் செஞ்ச மகராசன் யாரு?"

"நாங்க இல்லக்கா" என்றேன்.

"நல்லவேளை. நீங்களா இருந்திருந்தா இந்தக் கம்பியாலயே ரெண்டு வச்சிருப்பேன். பிழியறதுக்கு நாப்பது சுத்து சுத்தி இறக்கணும், சாக்கை எடுக்க நாப்பது சுத்து சுத்தி ஏத்தணும். அது போதாதுன்னு, தண்ணி வடிய வடிய அழுத்தம் விட்டுப்போகுது, கால்மணிக்கு ஒருதரம் ஓடிவந்து முறுக்கணும். என் புருஷன் செத்தப்பக்கூட என் தோள்பட்டை இப்படி அழுததில்ல."

பாஃபோ சிரித்துவிட்டான். அவன் வெளியாள் முன்னால் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"சிரிக்கத் தெரியுது. பேசத் தெரியாதா?"

"தெ... தெ... தெரியும்" என்றான் பாஃபோ.

"அவசரமில்லை மாஸ்டர். முழுசாச் சொல்லி முடிங்க. நாப்பது சுத்து சுத்தறவ நான், எனக்குக் காத்திருக்கத் தெரியும்."

நான் வழக்கம்போல இடையில் புகுந்து பேச வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, அவன் சொல்லி முடிக்கிறவரை நின்றாள். அன்றைக்கே அவனுக்கு அவள்மேல் மனசு போய்விட்டது. என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவளுடைய வளைந்த கம்பியை நிமிர்த்தி, பளபளவென்று தேய்த்து, கொட்டகைச் சுவரில் மாட்டி வைத்திருந்தான்.

புது மெஷினுக்கு அவள் கேட்டது இரண்டு. சீக்கிரம் இறங்கி ஏற வேண்டும். ஒருதரம் முறுக்கினால் தண்ணீர் வடிகிறவரை அழுத்தம் குறையக் கூடாது. இரண்டாவதற்கு பாஃபோ ஒரே நாளில் வழி கண்டுவிட்டான். திருகுக்கும் அழுத்துகிற பலகைக்கும் நடுவில், உடைத்த லாரியிலிருந்து எடுத்த நாலு சுருள் ஸ்பிரிங்கை வைத்தான். முறுக்கினால் ஸ்பிரிங் ஒடுங்கி நிற்கும். சாக்கு வற்றி இறங்க இறங்க ஸ்பிரிங் தானே விரிந்து அழுத்திக்கொண்டே இருக்கும். முதலாவதுதான் அவனைப் படுத்தியது.

மூன்று நாள் வேலை செய்யாமல் லேத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் ஒரு இரும்புப் பட்டையைச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் ஒரு நட்டை வைத்து என்னைக் கூப்பிட்டான்.

"இங்க பாரு. சரிவுல இருக்கு, ஆனா நழுவல. ஏன்?"

"சோம்பேறி நட்டு. உன்னை மாதிரி."

"உரசல் பிடிச்சு நிறுத்துது. இப்பப் பாரு." விரலில் எண்ணெய் தொட்டுப் பட்டையில் தடவினான். அதே சரிவுதான். நட்டு வழுக்கி வந்து என் காலடியில் விழுந்தது.

"சரி. அதனால?"

"திருகுன்னா என்ன? தண்டைச் சுத்தி வளைச்சுவிட்ட சரிவுதானே. சரிவு மெதுவா ஏறுச்சுன்னா, கீழேருந்து எவ்வளவு தள்ளினாலும் அது தானாத் திரும்பாது. உரசலே அதுக்குப் பூட்டு. அதனாலதான் நாப்பது சுத்து. அச்சியா கேக்கற மாதிரி, தண்டுல ஒண்ணுக்கு ரெண்டா வரி ஓடற இரட்டை மரை வெட்டிச் சரிவை ஏத்தினா இருபது சுத்துல முடிஞ்சிரும். ஆனா பூட்டு மயிரிழையில நிக்கும். காய்ஞ்சு இருந்தா நிக்கும். எண்ணெய் பட்டா..." கீழே கிடந்த நட்டைக் காட்டினான்.

"அப்ப ஒற்றை மரையே வெட்டிக் குடுத்துடு. அவ தோளு அவ பாடு."

அவன் சுவரில் மாட்டியிருந்த கம்பியைப் பார்த்தான். மறுநாள் இரட்டை மரை வெட்ட ஆரம்பித்தான்.

நான் அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டேன், கண்ணாலும் பார்த்தேன் என்பதை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் 'எனக்குத் தெரியாது' என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

மெஷின் அழகாக வந்தது. காலையில் முறுக்கி, ஸ்பிரிங் நாலும் ஒட்டி நிற்கிறபடி இறக்கி, பகல் முழுக்க அப்படியே விட்டான். கைப்பிடிக் கம்பி இருந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தான். மாலையில் பார்த்தால் கோட்டைவிட்டு ஒரு நூல்கூட அசையவில்லை. இருந்தும் அவன் முகம் தெளியவில்லை. "காய்ஞ்ச துணியால துடைக்கணும். அதை அவங்களுக்குக் கண்டிப்பாச் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஒப்படைக்கிற நாளில் அசுபோன்சோவின் ராணித்தாய் தன் வீட்டு முற்றத்தில் சபை கூட்டியிருந்தாள். பதினெட்டுப் பெண்களும் புதுத் துணி உடுத்தி நின்றார்கள். அந்த மாதிரிச் சபையில் ராணித்தாயிடம் யாரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைத் தன் பக்கத்து ஆளிடம் மெல்லச் சொல்ல வேண்டும். அவன் அதை மெருகேற்றிச் சபைக்கு எடுத்துச் சொல்வான். கரடுமுரடான சொல்லை இழைத்துக் கொடுப்பதுதான் அவன் வேலை, அவன் வாயிலிருந்து வருவது சொன்னவனுடைய சொல்லாகவே எடுத்துக்கொள்ளப்படும். பாஃபோ பக்கத்து ஆள் நான். வெள்ளைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு அன்றைக்கு இருந்த மிதப்பைச் சொல்லி முடியாது.

எல்லாம் நன்றாகப் போயிற்று. மதுவைத் தரையில் ஊற்றி முன்னோரை அழைத்தார்கள். மெஷினைச் சுற்றிக் காட்டினோம். அச்சியா இருபது சுற்றில் இறக்கிக் காட்டினாள், பெண்கள் கூவினார்கள். கடைசியாக ராணித்தாயின் ஆள், "செய்தவர் இதைப் பராமரிக்க ஏதாவது சொல்வாரா?" என்று கேட்டான்.

பாஃபோ என் காதருகே வந்தான். "எ... எண்ணெய் போடக் கூடாது. காய்ஞ்ச துணியால துடைக்கணும். எண்ணெய் பட்டா திருகு நிக்காது" என்றான்.

நான் ஒரு கணம் யோசித்தேன். பட்டறைக்காரன் எவனும் ஒரு மெஷினைக் கொடுத்துவிட்டு வரும்போது சொல்கிற கடைசி வார்த்தை 'எண்ணெய் போட்டுப் பார்த்துக்குங்க' என்பதுதான். 'எண்ணெய் போடாதீங்க' என்று சொன்னால் ஊரே சிரிக்கும். 'நிக்காது' என்று வேறு ராணித்தாய் முன்னால், மது ஊற்றிய ஈரம் காய்வதற்குள், நம் மெஷினையே நாம் குறை சொல்வதா? இவன் சபையைப் பார்த்துப் பயந்து உளறுகிறான், இழைத்துக் கொடுப்போம் என்று நினைத்தேன்.

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "தாயே, இந்த மெஷின் இன்னைக்கு உங்க ஊர்ல பிறந்த பிள்ளை. பிறந்த பிள்ளையை எப்படிப் பாப்பீங்க? குளிப்பாட்டி, உடம்பெல்லாம் எண்ணெய் தடவி, கண்ணுபடாம வச்சுப்பீங்க. இதையும் அப்படியே பாருங்க. உங்க பேத்திமாருக்கும் இது உழைக்கும்னு மாஸ்டர் சொல்றாரு."

முற்றம் ஆரவாரித்தது. ஒரு கிழவி எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டாள். என் துணியை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். பாஃபோதான். நான் திரும்பாமல் அவன் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

அவன் அங்கேயே கத்தியிருக்கலாம் என்று இன்றைக்குச் சிலர் சொல்லலாம். திக்கு வாயுள்ளவன், ராணித்தாய் சபையில், தன் ஆளைத் தானே பொய்யனாக்கிக்கொண்டு கத்துவதா? அது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமில்லை. என் முகத்தைக் காப்பாற்ற அவன் வாயை மூடிக்கொண்டான்.

திரும்பும் வண்டியில் ஊர் எல்லையைத் தாண்டினோம். பிறகு, "மாத்திச் சொல்லிட்டே" என்றான் பாஃபோ.

"மெருகேத்தினேன்."

"துமாசி, நட்டு கீழ விழுந்ததை நீ பாத்தே. நாளைக்கே போய்ச் சொல்லிடு. நான் போனா நாக்கு எழாது, அவ முன்னாடி இன்னும் மோசம்."

"போறேன்டா. இதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வச்சுக்கறே?"

மறுநாள் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. ஒரு பெரிய கேட் வேலை வந்திருந்தது. அதோடு, சபையில் அப்படிக் கைதட்டல் வாங்கியவன் போய், 'நான் சொன்னது தப்பு' என்று பெண்கள் முன்னால் நிற்பதா என்கிற வீம்பும் இருந்தது. மூன்றாம் வாரம் வேறு வேலையாக ஒஃபின்சோவரை போய் வந்தேன். "அச்சியாகிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அவன் என்னை நம்பினான். அன்று சாயங்காலம் எனக்கு ஃபுஃபுக் களி வாங்கிக் கொடுத்தான், ஆட்டுக்கறிக் குழம்போடு.

அசுபோன்சோ பெண்கள் சொன்னதைத் தவறாமல் செய்கிறவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் திருகைக் கழுவி, பனங்கொட்டை எண்ணெய் தடவினார்கள். முதலில் கிழங்குப் பால் மரையில் காய்ந்து பிடித்துக்கொண்டதால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, முறுக்கிவிட்டுப் போனால் கைப்பிடி மெல்லப் பின்னால் வருவதைக் கவனித்தார்கள். அது மெஷினின் குணம் போலிருக்கிறது என்று நினைத்துக் கைப்பிடியைத் துணியால் தூணோடு கட்டிவைத்தார்கள். இரண்டாம் மாதம், துருவுகிற மெஷினுக்குப் புது டீசல் என்ஜின் வந்தது. அதே சிமென்டுத் தரையில் நிறுத்தினார்கள். அது ஓடினால் தரை முழுக்க அதிரும்.

ஒரு திங்கட்கிழமை காலை. ஸ்பிரிங் முழுக்க ஒடுங்கி நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வடிந்த தண்ணீர்ப் பாத்திரத்தை எடுக்க அச்சியா குனிந்தாள். துணி முடிச்சு நழுவிற்று. நாலு லாரி ஸ்பிரிங்கும் சேர்ந்து திருகை மேலே தள்ள, ஒரு ஆள் நீளமுள்ள இரும்புக் கைப்பிடி சுழன்று அவள் வலக்கையில் அடித்தது. முழங்கை மூட்டு நொறுங்கிவிட்டது. குமாசிப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தாள். கை பிழைத்தது, ஆனால் மடங்கியபடியே நின்றுவிட்டது. வறுக்கிற சட்டியை அந்தக் கையால் அவள் அப்புறம் கிளறவில்லை.

செய்தி வந்த அன்றே நாங்கள் இருவரும் அசுபோன்சோவுக்கு ஓடினோம். பாஃபோ மெஷின் அருகே போய் மரையில் விரலை வைத்து எடுத்தான். விரல் மினுமினுத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ போகவே இல்லை. இல்ல?"

"போகலை."

தலையை ஆட்டினான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தப் பதினாலு வருஷம் இன்னும் கொஞ்சம் சுலபமாகக் கழிந்திருக்கும்.

மறுவாரம் ராணித்தாய் விசாரணை வைத்தாள். இந்தத் தடவை தன் ஆளைக்கூட விலக்கிவிட்டு நேராகவே கேட்டாள். "எண்ணெய் தடவச் சொன்னீங்க, தடவினோம். அந்த எண்ணெயாலதான் இது நடந்துச்சா?"

"ஆ... ஆமா" என்றான் பாஃபோ.

"எண்ணெய் ஆகாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா தடவச் சொன்னீங்க?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் தொண்டையில் சொல் இருந்தது. பாஃபோ என்னைப் பார்க்கக்கூட இல்லை. "நா... நான்தான் சொன்னேன். தப்பு எ... எ... என்னோடது" என்றான். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரமாயிற்று! அவ்வளவு நேரத்தில் நான் நூறு தடவை உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

அவன் ஒரு ஆட்டையும் முட்டையும் கொடுத்துப் பணிந்து மன்னிப்புக் கேட்டான். மெஷினைத் தானே பிரித்துக் கொண்டுவந்து, ஒற்றை மரையில் வேறு திருகு வெட்டிப் பொருத்திக் கொடுத்தான். வழியில் நான் அழுதேன். அவன், "உன் பேச்சு மட்டுமில்லடா. ஒரு துண்டுத் துணியை நம்பி நான் அந்தத் திருகை வெட்டினேன். யார் மறந்தாலும் நிக்கற மாதிரி வெட்டியிருக்கணும். அவளைச் சந்தோஷப்படுத்தணும்னு வெட்டினேன்" என்றான். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான். இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்காது.

ஆறு மாதம் கழித்து அவன் என்னிடம் இரண்டு பாட்டில் மதுவைக் கொடுத்தான். ஒரு பெண்ணைக் கேட்டு அனுப்பும்போது எடுத்துப் போகிற மது. "அச்சியா வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. வாங்கிக்கிட்டா சம்மதம். அவ கைக்கு நான் பொறுப்புங்கறதுக்காகக் கேக்கலைன்னு சொல்லு. அவ முதல் நாள் கம்பியை லேத்து மேல போட்டாளே, அதுக்காகக் கேக்கறேன்னு சொல்லு."

போனேன். அவன் சொன்னதைச் சொன்னேன். அச்சியா பாட்டில்களைத் தொடவில்லை.

"எனக்கும் அவர்மேல பிரியம்தான்" என்றாள். "தெரியாமச் செஞ்சிருந்தா இந்தக் கையைச் சாக்குல கட்டி வச்சுட்டு அவர் பின்னாடி வந்திருப்பேன். தெரியும்னு விசாரணையில அவரே ஒத்துக்கிட்டாராம். எண்ணெய் போடாதேன்னு ஒரு வார்த்தை. நான் நாளெல்லாம் காத்திருந்து கேட்டிருப்பேனே, அவர் திக்கித் திக்கிச் சொன்னாலும். அதைச் சொல்ல மனசு வராதவரோட நான் எப்படிக் குடும்பம் நடத்தறது?"

இப்போதாவது சொல்லியிருக்கலாமா? சொல்லியிருக்கலாம். என் வாய்தான் அந்த வட்டாரத்திலேயே பெரிய வாய் ஆயிற்றே! நான் பாட்டில்களை எடுத்துக்கொண்டு, "போய்ட்டு வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்ன சொன்னாள் என்று பாஃபோ கேட்டான். "வேண்டாம்னுட்டா" என்றேன். அந்தத் தடவை நான் மெருகு எதுவும் ஏற்றவில்லை.

பாட்டில்களை அவன் லேத்துக்கு மேலே இருந்த பலகையில் வைத்தான். மூடி திறக்காமலே பதினாலு வருஷம் அங்கே நின்றன. வாடிக்கையாளர் யாராவது வேகமான திருகு கேட்டால், "நாப்பது சுத்துதான்" என்பான், ஒரு திக்கல் இல்லாமல். போன மாதம் வயிற்று நோயில் மூன்று வாரம் கிடந்து போய்ச் சேர்ந்தான். கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இருந்தேன். ஒருதரம் மட்டும், "அச்சியா கை எப்படியிருக்காம்?" என்று கேட்டான்.

சடங்கு சனிக்கிழமை நடந்தது. பந்தல் முழுக்கக் கறுப்பும் சிவப்பும். அசுபோன்சோவிலிருந்து ஒரு வேன் வந்தது. அச்சியா முன்னால் இறங்கினாள். வரிசையில் உட்கார்ந்திருந்த குடும்பத்தாருக்குக் கைகொடுத்தபடி வந்தாள். இடக்கையை நீட்டுவது எங்களில் மரியாதைக் குறைவு, வலக்கையோ நீளாது. அதனால் ஒவ்வொருவரும் எழுந்து அவள் கை இருக்கிற இடத்துக்குக் குனிந்தார்கள். நானும் குனிந்தேன்.

அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை வாசித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க. உங்க வாய் மாதிரியே கையும் இனிப்பு" என்றாள். பிறகு அந்தக் கடைசி வரிமேல் விரலை வைத்து, "இது என்னாலன்னு ஊர் பேசும். பேசட்டும்" என்றாள்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவள் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அன்றைக்கு என் காதில் சொன்னது, நான் சபையில் சொன்னது, சொல்லாமலே சொல்லிவிட்டேன் என்று அவனிடம் பொய் சொன்னது, விசாரணையில் வாய்மூடி நின்றது.

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எந்திரிங்க" என்றாள். "அவர் சொன்னதை இங்க சொல்லுங்க. அன்னைக்கும் எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க. ஒண்ணும் சேக்காதீங்க."

பாட்டை நிறுத்தச் சொல்லி மைக்கை வாங்கினேன். இரங்கல் உரை என்று நினைத்துக் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "பாஃபோ அசுபோன்சோ சபையில சொன்னது இது" என்றேன். "எண்ணெய் போடக் கூடாது. காய்ஞ்ச துணியால துடைக்கணும். எண்ணெய் பட்டா திருகு நிக்காது. இதை நான் மாத்திச் சொன்னேன். திரும்பப் போய்ச் சொல்லச் சொன்னான், போகலை. தப்பு அவனோடது இல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அசுபோன்சோ பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. குடும்பத் தலைவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை சுமப்பேன், சுமக்க வேண்டியதுதான்.

அச்சியா எழுந்து வந்தாள். "அந்தப் பாட்டில் ரெண்டும் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"லேத்து மேல இருக்கு."

"எடுத்துட்டு வாங்க."

கொட்டகை இரண்டு தெரு தள்ளித்தான். ஓடினேன். தூசியைத் துணியால் துடைத்து எடுத்து வந்தேன். பந்தலில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள், அவள் பாஃபோவின் படத்துக்கு முன்னால் நின்றாள். நான் பாட்டில்களை நீட்டினேன். அவளுடைய கை நீளாது என்பதை அவசரத்தில் மறந்திருந்தேன். கிட்டே போய், மடங்கிய அந்தக் கைக்குள் இரண்டையும் வைத்தேன். அவள் அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வாங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

நான் படத்தின் பக்கம் திரும்பினேன்.

"பாஃபோ, அச்சியா வாங்கிக்கிட்டா" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.